சொல் தட்டிய சிஸ்டருக்கு

உங்கள் படத்துக்குக் கீழே ஒரு பொய்யைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள், சிஸ்டர். "மேலோர் சொல் தட்டாமல் பணியாற்றியவர்" என்று. எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, நுழைந்ததும் கண்ணில் படும்படி உங்களை வைத்திருக்கிறார்கள். பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் பள்ளிக்கூடம் போகாதவள், பஸ் பலகைகளைப் பார்த்துத் தானாகப் படிக்கக் கற்றவள். அதனால் பிசகியிருக்குமோ என்று இன்னொரு தரம் படித்தேன். பிசகு என்னுடையது இல்லை.

சொல்லைத் தட்டியதற்காகத்தானே உங்களை இங்கிருந்து தூக்கியடித்தார்கள்?

அது மிளகு பறிக்கும் பருவம். மரத்தில் சாத்திய ஏணியிலிருந்து எவனாவது விழுந்தால், அந்தப் பருவம் முழுக்க அவனுக்கு ஏணி கிடையாது. மேஸ்திரி அதை அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார். அதனால் எங்கள் ஆட்கள் விழுந்தால் விழுந்தேன் என்று சொல்வதில்லை. என் மகனும் சொல்லவில்லை. இரண்டு பேர் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார்கள். மேஸ்திரியும் பின்னாலேயே வந்தார். நான் காப்பிக் காட்டிலிருந்து ஓடி வந்தேன். "காலைல ஒண்ணுமே திங்கலீங்க. வேலைக்கு வர்ற வழியிலயே மயங்கிட்டானுங்க" என்றார்கள். அவன் தலையைப் பிடித்தபடி வாந்தி எடுத்தான்.

நீங்கள் அவன் இடுப்பில் கட்டியிருந்த பையைப் பார்த்தீர்கள். உள்ளே பச்சை மிளகு நசுங்கிக் கிடந்தது. அதன் காரநெடி அறை முழுக்க ஏறியிருந்தது.

"வர்ற வழியிலயே விழுந்தவரு பையில மிளகு எப்படிங்க வந்துச்சு?"

என்னைத் தவிர எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "ஏணியா கண்ணு?"

அவன் என்னைப் பார்த்தான். "சொல்லு சாமி" என்றேன்.

"ஏணிதானுங்க. மேஸ்திரிகிட்டச் சொல்லிப்போடாதீங்க சிஸ்டர்."

"அவரா வைத்தியம் பாக்கப் போறாரு? அவருகிட்டச் சொல்ல மாட்டேன். டாக்டருகிட்ட மறைக்க மாட்டேன்."

டாக்டர் டவுனில் இருந்தார். தூங்க ஊசி போட்டுப் படுக்க வை, காலையில் பார்க்கலாம் என்று போனில் சொன்னார். நீங்கள் சொன்ன பதில் எனக்கு இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "தலையில அடி பட்டிருக்குங்க டாக்டர், வாந்தி நிக்கல. ஊசி போட்டா, மருந்துல தூங்குறாரா அடியில மயங்குறாரான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நான் போட மாட்டேனுங்க. சேலத்துக்கு அனுப்பணும்." அந்தப் பக்கம் அவர் கத்தியது எனக்கே கேட்டது. முடியும்வரை பொறுத்திருந்தீர்கள். பிறகு அதையே மறுபடி சொன்னீர்கள்.

மேஸ்திரி வாசலில் நின்று கேட்டார்: "டாக்டரே சொல்லியாச்சு. நீ என்ன அவருக்கு மேலயா?"

"அவருக்கு மேல இல்லீங்க. பையனுக்குப் பக்கத்துல இருக்கேன்."

எஸ்டேட் ஜீப்பைக் கேட்டு வாங்கி, நீங்களே கூட வந்தீர்கள். மலை இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவனைத் தட்டி, பெண்டாட்டி பேர் என்ன என்று கேட்டீர்கள். "அவளே என்னை இத்தனை தடவ பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்ல மாட்டாளுங்க" என்று எரிந்து விழுந்தான். "கோவம் வருதுல்ல, நொம்ப நல்லது" என்று சிரித்தீர்கள். அடிவாரம் வந்தபோது அவன் பதில் சொல்லவில்லை. நீங்களும் சிரிக்கவில்லை. சேலத்தில் மண்டையைத் திறந்து, உறைந்திருந்த ரத்தத்தை எடுத்தார்கள். தூங்க வைத்திருந்தால் அப்படியே போயிருப்பான் என்றார் அங்கிருந்த டாக்டர்.

கொஞ்ச நாளில் உங்களை மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு சின்ன மருந்தறைக்கு மாற்றினார்கள். நான் ஆபீஸ் வாசலில் நின்று கத்தினேன். நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "விடுங்கக்கா, பையன் நல்லாச் சாப்புடறானா?" என்று கேட்டீர்கள். நான் விடவில்லை. இப்போதும் விடப்போவதில்லை.

இப்போது இருக்கும் நர்ஸ் சின்னப் பெண். பலகையில் இருப்பது பொய் என்று அவளிடம் சொன்னேன். "ஏனுங்க ஆத்தா, நல்லதாத்தானுங்களே எழுதியிருக்காங்க?" என்றாள்.

"நல்லதுதான் கண்ணு. ஆனா அது அவங்க இல்ல" என்று சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்: "டாக்டர் போன்ல சொல்றதுல எனக்கும் சில நேரம் சந்தேகம் வருதுங்க. அந்தப் பலகையப் பாத்துட்டு, எதுக்கு வம்புன்னு கேக்காமப் போனை வெச்சுடறேன்."

செத்த பிறகு உங்களைக் கொண்டே ஒரு பெண்ணின் வாயை அடைத்திருக்கிறார்கள், சிஸ்டர். நாளைக்கு எவள் மகனோ அந்தக் கட்டிலில் கிடப்பான்.

ஆகையால் மேனேஜர் அந்தப் பலகையைத் தன் கையாலேயே கழற்ற வேண்டும். அந்த இடத்தில், சந்தேகம் தீராமல் ஊசி போட மறுத்தவர் என்று எழுத வேண்டும். நர்ஸ் கேள்வி கேட்டால் டாக்டர் கத்தாமல் காது கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் கிளம்பி வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். விழுந்தவனின் ஏணியைப் பிடுங்குவதை மேஸ்திரிகள் நிறுத்த வேண்டும், அப்போதுதான் ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள். அந்தப் பெண் போனை வைப்பதற்கு முன்னால், எப்படிங்க தெரியும் என்று கேட்க வேண்டும். என் மகன் மேனேஜர் முன்னால் போய்த் தலைத் தழும்பைக் காட்ட வேண்டும். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

நான் செய்ய வேண்டியது, பலகை இறங்கும்வரை உங்கள் படத்துக்குக் கீழே இருக்கும் பெஞ்சில் தினமும் போய் உட்காருவது. நீ யார் கேட்பதற்கு, மேனேஜருக்கு மேலேயா என்று யாராவது வருவார்கள். பதில் உங்களிடமிருந்து வாங்கியது, என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

மேல இல்லீங்க. சிஸ்டருக்குப் பக்கத்துல இருக்கேன்.