பின் கண்ணாடியும் வாசுதேவநல்லூர்க் கல்யாணமும்

இன்று காலை நம் மகனின் காருக்குப் பின் கண்ணாடி மாற்ற ஒருவர் வந்தார். துப்பாக்கி மாதிரி ஒன்றால் கறுப்புப் பசையைச் சுற்றிலும் பிதுக்கி, கண்ணாடியை வைத்து அமுக்கிவிட்டு, "நாளை வரைக்கும் வண்டியை எடுக்காதீங்கம்மா" என்று சொல்லிப் போய்விட்டார். அந்தப் பசை வாசனை வீடு முழுக்க நிற்கிறது. என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். நாளை வரை பொறுக்கச் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன பாடு படுத்தியிருப்பீர்கள் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பெண்ணான என்னைக் கட்டிக்கொண்டதற்காக உங்கள் அம்மா பேச்சை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. எண்பதுகளின் தொடக்கம். அவர்கள் வாசுதேவநல்லூரில், நாம் சங்கரன்கோவிலில். பிழைப்புக்கு அந்த அம்பாசடர் டாக்சி. திடீரென்று அம்மாவிடமிருந்து ஆள் வந்தது: தங்கச்சிக்குக் கல்யாணம், பெண்ணைக் கூட்டிப்போக உன் வண்டி வரட்டும். வண்டி என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். உங்களுக்கு அதுவே போதும். தரையில் கால் பாவவில்லை. எனக்குப் போதவில்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள், ரோடு போடுகிற இடத்தில் லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல், பின் கண்ணாடியைப் பொலபொலவென்று உதிர்த்துவிட்டது. மணமக்கள் பேரை ஒட்டுவதே அதில்தானே! உடைந்த வண்டியோடு போனால் அம்மா வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள், பிறகு அந்த வாசல் திறக்கவே திறக்காது என்று நம் இருவருக்கும் தெரியும். ராஜபாளையத்துக்கு ஓடி, போர்வையில் சுற்றிய கண்ணாடியை பஸ்ஸில் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தீர்கள். மெக்கானிக்கோ கோயில் கொடை விழாவுக்கென்று ஊருக்குப் போயிருந்தார்.

"ஏட்டி, நீ உள்ள ஏறு. நான் வெளிய நின்னு அமுக்குதேன், நீ நூலை இழு."

ரப்பர் விளிம்பின் பள்ளத்தில் நூலைச் சுற்றிச் செருகி, சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளிருந்து நூலை இழுத்தால் ரப்பர் தகரத்தின் மேல் ஏறி உட்காரும். நீங்கள் மூச்சைப் பிடித்து அமுக்கினீர்கள். நான் நூலைத் தேடினேன்.

"என்னட்டி முழிக்கே? இழு!"

"இங்கன நூலே இல்ல. உங்க பக்கம் பாருங்க."

இரண்டு நுனியும் உங்கள் பக்கம்தான் தொங்கின. அவசரக்குடுக்கை! தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். "மெதுவா, மெதுவா" என்று என்னைப் பார்த்துக் கத்தினீர்கள். பதறியது என்னவோ நீங்கள்தான். கடைசி மூலையிலும் ரப்பர் ஏறியபோது, சோப்பு நுரைக்கு அந்தப் பக்கம் உங்கள் முகத்தைப் பார்த்தேன். அப்படிப் பயந்த முகத்தோடு உங்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மா என்றால் அவ்வளவு ஆசை உங்களுக்கு.

மறுநாள் காலை அந்த வாசலில் வண்டி நின்றது. அம்மா எட்டிப் பார்த்தார்கள். முன் சீட்டில் நான் இருப்பதே தெரியாத மாதிரி, "வண்டி வந்துட்டா? தங்கச்சிய ஏத்து" என்றார்கள். இறங்குவதா, அப்படியே இருப்பதா என்று தெரியாமல் நான் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தீர்கள்.

"வண்டி தனியா வராதும்மா. இவளும் வந்திருக்கா."

ஒரு கண்ணாடிக்காக ஊரையே இரண்டாக்கிய நீங்கள், அம்மாவின் உறவே கைவிட்டுப் போய்விடலாம் என்ற அந்த நேரத்தில் ஆடாமல் அசையாமல் நின்றீர்கள். உங்கள் தங்கைதான் மாலையோடு வந்து, "மதினி, எங்கூட பின்னால வாங்க" என்று என் கையைப் பிடித்தாள். அம்மா தடுக்கவில்லை.

நீங்கள் போனபிறகு எத்தனையோ வீட்டு வாசல்களில் தனியாகத் தயங்கி நிற்கிறேன். கதவைத் திறந்துவிட ஆளில்லை. "இவளும் வந்திருக்கா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.