தண்ணீர்ப் புட்டியும் மஞ்சள் துணியும்

அனுப்புநர்:
உதவியாளர்,
குழந்தைகள் காப்பகம்,
தையல் ஆலை, கிடங்குத் தெரு.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா அவர்கள்,
ஆய்வாளர் அலுவலகம்.

பொருள்: ஆறு மாதம் நிறையாத குழந்தைகளுக்குக் காப்பகத்தில் தண்ணீர் புகட்டுவதை நிறுத்தவும், தாய்மார்கள் பாலூட்ட வந்து போக மீண்டும் அனுமதிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எனக்கு நேரில் பேச வராது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என்றாலும் எழுத வரும், அதனால் எழுதுகிறேன். சென்ற மாதம் தாங்கள் எங்கள் அறையைப் பார்க்க வந்தபோது கதவுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். "பிள்ளைங்க இருக்கிற ரூம் மாதிரியே இல்லையே, எவ்வளவு அமைதி!" என்று தாங்கள் சந்தோஷப்பட்டீர்கள். அந்த அமைதியைப் பற்றித்தான் இந்த மனு.

1. எங்கள் அறைக்கும் தையல் கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். மெஷின் சத்தம் சுவர் வழியாக மழை போல வந்துகொண்டே இருக்கும். குழந்தைகள் அதில்தான் தூங்கும். கரண்ட் போய் மெஷின்கள் நின்றுவிட்டால் எல்லாத் தொட்டிலும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். மதியத்தில் ஜன்னல் வெயிலில் நூல்தூசு மிதக்கும்போது, அறையே தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தோன்றும்.

2. அந்தச் சத்தத்தில் கத்திக் கூப்பிட்டாலும் கேட்காது. எனக்குக் கத்தவும் வராது. அதனால் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு நிறத்தில் வெட்டுத்துணி வைத்திருந்தோம். குழந்தை பசித்து அழுதால் கதவுக் கண்ணாடியில் அந்தத் துணியைப் பிடிப்பேன். கூடத்தின் கடைசி வரிசையில் இருப்பவர்கூடப் பார்த்துவிட்டு எழுந்து வருவார். மஞ்சள் என் அக்காவுடையது. எத்தனை தலைகள் குனிந்திருந்தாலும், மஞ்சளுக்கு நிமிரும் தலை அக்காவுடையதாகத்தான் இருக்கும்.

3. புதிதாக வந்த சூப்பர்வைசர் இதை நிறுத்திவிட்டார். "இது ஆலையா, கொடியேத்துற மைதானமா?" என்று கேட்டுத் துணிகளை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டார். சாப்பாட்டு வேளையில் மட்டும் தாய்மார்கள் வரலாம், நடுவில் அழுதால் புட்டியில் தண்ணீர் கொடுங்கள் என்று உத்தரவு. காப்பகத்தைக் கவனிக்கும், எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் மூத்தவர் அப்படியே செய்தார். நான் தயங்கியபோது, "மெஷினுக்கே வேளாவேளைக்கு எண்ணெய் விடுறாங்க. வெயில்ல பிள்ளைக்கு ரெண்டு வாய் தண்ணி கொடுத்தா குறைஞ்சா போயிடும்?" என்றார். அவர் மேல் குற்றம் சொல்லவில்லை. பாசத்தோடுதான் புகட்டினார். தண்ணீர் குடித்த குழந்தைகள் அழவில்லை.

4. அக்கா மகனுக்கு நான்கு மாதம். அவனும் அழுவதை விட்டுவிட்டான். சாப்பாட்டு வேளையில் பால் கொடுத்தாலும் பாதியில் தூங்கிவிடுவான். "அம்மாவுக்குத் தொல்லையே தரமாட்டான்டி, என் தங்கம்" என்று அக்கா பெருமைப்பட்டாள். ஒரு மதியம் தொட்டிலை எட்டிப் பார்த்தேன். கண் பாதி திறந்திருந்தது. கனவில் யாரையோ கூப்பிடுவது போல ஒரு கை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. தூக்கினால் கழுத்து நிற்கவில்லை. அன்றுதான் நான் முதல் தடவையாகத் தையல் கூடத்துக்குள் ஓடினேன். கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

5. ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். தண்ணீர் அதிகமாகி ரத்தத்தில் உப்பு குறைந்ததால் வந்த வலிப்பு என்றார் டாக்டர் அம்மா. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், தாய்ப்பால் இல்லையென்றால் பால்மாவு. எவ்வளவு வெயிலானாலும் தேவையான தண்ணீர் அதிலேயே இருக்கிறது என்று விளக்கினார். அந்தச் சின்ன வயிற்றைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் பாலுக்கு இடமில்லை. பசித்த குழந்தை பசி தெரியாமல் தூங்கும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு, ஊட்டும் உணவோடு கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் சில வாய் கொடுக்கலாம் என்றும், அப்போதும் பாலுக்குப் பதிலாகத் தண்ணீர் கூடாது என்றும் சொன்னார். பால்மாவு கலக்கும்போது டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாதாம். எங்கள் அறையில் அடுப்பு இல்லை. எல்லோரும் கைகழுவும் நடையில் இருக்கும் டிரம்மிலிருந்துதான் புட்டிகள் நிரம்புகின்றன.

6. வரும் திங்கட்கிழமை அக்கா வேலைக்குத் திரும்பியாக வேண்டும். வராவிட்டால் அவள் மெஷினில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். அவனை விட்டுவர வீட்டில் யாரும் இல்லை. அதே தொட்டிலில்தான் படுக்கப்போகிறான். உத்தரவும் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே, திங்கட்கிழமைக்கு முன் தாங்கள் ஒருமுறை வந்து, பசித்தபோது தாய்மார்கள் வந்து பாலூட்ட வழி செய்ய வேண்டும். சிறு குழந்தைகளுக்கான தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துவிட்டு, பெரிய குழந்தைகளுக்குத் தண்ணீர் காய்ச்ச ஓர் அடுப்பும், மூடியுள்ள பாத்திரமும், கிண்ணங்களும் தரச் சொல்ல வேண்டும். துணிகளையும் பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

அதன் பிறகு தாங்கள் வரும்போது அறை சத்தமாக இருக்கும். ஒரு குழந்தை ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்து அழும். தயவுசெய்து அதைக் குறையாக எழுதிவிடாதீர்கள், அம்மா.

நாள்: வியாழக்கிழமை
இடம்: ஆலைக் காப்பகம்

தங்கள் வருகையைக் கதவோரம் எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
காப்பக உதவியாளர்

இணைப்பு: பெட்டிக்குப் போகாமல் நான் ஒளித்துவைத்த மஞ்சள் துணி ஒன்று. திங்கட்கிழமை தேவைப்படும், வரும்போது கொண்டுவரவும்.