இந்த வாரம் பார்த்ததை மட்டும்

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், முட்டி மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல்லிவிடு. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். சின்னவன் பேச்சை எடுத்தாலே சிக்னல் சரியில்லைம்மா, அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிடுகிறாய், மற்ற விஷயம் பேசும்போது அந்தச் சிக்னலுக்கு ஒரு கேடும் வருவதில்லை. கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். கடைசிவரை படி, நடுவில் மடித்து வைக்காதே.

உன் அத்தை வந்திருந்தாள். உன் கல்யாணத்தில் கைகழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு, அண்ணிக்குப் பையனை வளர்க்கத் தெரியலை என்று யாரிடமோ சொன்னாளே, அதை அவள் மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை. டீ கொடுத்தேன், சர்க்கரை போடவில்லை. உடம்புக்கு நல்லது அண்ணி என்று சொல்லி முழுசும் குடித்துவிட்டுப் போனாள். மாடி வீட்டுக்காரி வாங்கிப்போன குக்கரைத் திருப்பிக் கொடுத்தாள், விசில் இல்லை. கேட்டால் நீங்க குடுக்கும்போதே இல்லையே என்கிறாள். இருக்கட்டும், நான் எங்கும் போய்விடப் போவதில்லை.

இப்போது சின்னவன் விஷயம். லிஃப்ட் ரிப்பேர் செய்யப்போய்க் குழிக்குள் விழுந்து அவன் இடுப்பு போனதும், வலிக்குக் கொடுத்த மாத்திரை வலி போன பிறகும் அவனை விடாததும் உனக்குத் தெரியும். குடி அதற்கு முன்பே இருந்தது. நாலு பேர் சேர்ந்து நின்றால் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுவதும், நாள்கணக்கில் போர்வையை விட்டு வெளியே வராததும், இதில் எது முந்தி எது பிந்தி என்று எனக்கே தெரியாது. குடியை நிறுத்துகிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் இவருக்கு மனசு சரியில்லை, அதைச் சரிபண்ணிக்கிட்டு வாங்க என்றார்கள். மனசுக்குப் பார்க்கிற இடத்துக்குப் போனால் முதல்ல குடியையும் மாத்திரையையும் விட்டுட்டு வாங்க என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே பஸ்தான், அந்தக் கண்டக்டருக்கு எங்கள் முகம் பழகி, இன்னைக்கு குடியா மனசா என்று கேட்டுவிட்டு டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தார். குடி ஆஸ்பத்திரியில் பச்சை ஸ்வெட்டர் போட்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், இவனை ஊதச் சொல்லி மோந்து பார்த்து, இன்னைக்கு நாத்தம் வருது, இன்னொரு நாள் வாங்க என்று கதவைச் சாத்தினார். நாற்றம் வராவிட்டால் நான் ஏன் அங்கே போகிறேன்? அந்த ஆளின் மூக்கில் ஒரு மரு உண்டு, எந்த ஊரில் பார்த்தாலும் அடையாளம் சொல்லுவேன்.

இப்போது போகிற இடம் வேறு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கட்டடம், அதில் நாலாவது மாடி. ஆராய்ச்சி என்கிறார்கள். குடி, போதை மாத்திரை, மனசு மூன்றையும் தனித்தனியாக அனுப்பாமல் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்த்தால் ஆட்கள் நன்றாகத் தேறுகிறார்களா என்று பார்க்கிறார்களாம். ஆனால் வருகிற எல்லாருக்கும் அந்த அறை கிடைக்காது. பாதிப் பேருக்கு ஒரே அறை, பாதிப் பேருக்குப் பழையபடி தனித்தனி இடம், யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும். என் பிள்ளையை வெச்சு சீட்டுக் குலுக்குறீங்களா என்று கேட்டேன். அங்கே உட்கார வைத்துப் பேசுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், நான் பேச்சுக்காரம்மா என்றுதான் சொல்லுவேன், அவள் கோபப்படாமல், எது நல்லதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா ஆராய்ச்சி எதுக்கு என்றாள். இத்தனை ஆஸ்பத்திரியில் தெரியாது என்ற வார்த்தையை நான் கேட்டது அங்கேதான். சரி, போடுடா கையெழுத்தை என்றேன். அவனுக்கு ஒரே அறை விழுந்தது. கூடவே காத்திருந்த தையல்காரியின் புருஷனுக்குத் தனித்தனி இடம் விழுந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், குக்கர் விசிலை நான் எடுத்துக்கொண்ட மாதிரி.

அந்த அறையில் மாத்திரை டாக்டரும் பேச்சுக்காரம்மாவும் சேர்ந்தே உட்காருகிறார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கிறார், எங்களைத் தூது போகவிடுவதில்லை. பழைய மாத்திரையின் பிடி விடுவதற்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து அதை வைத்துக்கொள்ளுவான். கரைகிறவரை பேசவும் கூடாது, விழுங்கவும் கூடாது. அவன் பதில் பேச முடியாத நேரம் என்பதால் ஆரம்பத்தில் அதை நான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான், காது மட்டும் சிவந்துபோகும்.

வீட்டு ஆள் ஒருவர் கூட வந்து உட்கார வேண்டும் என்பது அங்கே முறை. அதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள், இந்த வாரம் உன் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும், அதற்கு முந்தியது எதையும் எடுக்கக்கூடாது. என்னிடம் போய் இதைச் சொன்னால் எப்படி? முதல் இரண்டு மூன்று தடவை எப்படியோ ஒப்பேற்றினேன். பிறகு ஒரு வியாழக்கிழமை, இந்த வாரம் என்னம்மா பார்த்தீங்க என்று பேச்சுக்காரம்மா கேட்டதும், இந்த வாரத்துல என்ன இருக்கு, இவங்க அப்பாவை எடுத்த அன்னிக்கு இவன் எங்க கிடந்தான்னு கேளுங்க என்று வாய்விட்டுவிட்டேன். அவன் எழுந்து படி வழியாக இறங்கிப் போய்விட்டான். லிஃப்ட் ரிப்பேர் செய்தவன் லிஃப்ட்டில் ஏறுவதில்லை, அதுவும் உனக்குத் தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை, மறுநாளும் இல்லை. இந்த மருந்தை விட்டுவிட்டுப் பழைய மாத்திரையைப் பழைய அளவுக்குப் போட்டால் மூச்சே நின்றுவிடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் சோறு வடித்தேன், துணி துவைத்தேன், போன் அடித்தால் எடுத்தேன். அத்தனை தடவையும் கேஸ்காரன், பேங்க்காரன், நீ. உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் சிக்னல் போய்விடும்.

அதற்கும் அடுத்த நாள் காலையில் அவனே வந்தான். குடிச்சேம்மா, ஆனா அந்தப் பழைய மாத்திரையைத் தொடலை என்று வாசலிலேயே சொன்னான். சாப்பிடு என்றேன். அங்கே போய் அதையே டாக்டரிடமும் சொன்னான். நான் பச்சை ஸ்வெட்டரை நினைத்துக்கொண்டு பையைத் தூக்கித் தயாராக நின்றேன். டாக்டர் கதவைச் சாத்தவில்லை. இந்த மருந்தோட குடிக்கிறது ஆபத்து, அதை மறைக்காம சொன்னீங்க பாருங்க, உட்காருங்க, குடிக்கிறதுக்கு முன்னாடி மனசு என்ன சொல்லிச்சு என்று கேட்டார். அப்போதுதான் அவன் உன் அப்பாவை எடுத்த அன்று நடந்ததைச் சொன்னான். இப்ப மட்டும் பழசு பேசலாமா என்று கேட்டேன். அந்தச் சட்டம் உங்களுக்குத்தாம்மா, அவருக்கு இல்லை என்று சொல்லி ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து என் கையில் வைத்தாள் பேச்சுக்காரம்மா. வாயில் போட்டுக்கொண்டேன்.

அவன் அன்றைக்கு வந்திருக்கிறான். தெரு முனை மருந்துக்கடை வரைக்கும் வந்து, வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் மூச்சு அடைத்து, காலை எடுத்து வைக்க முடியாமல் அங்கேயே நின்றிருக்கிறான். பிறகு திரும்பிப் போய்க் குடித்திருக்கிறான். கதை விடுகிறான் என்றுதான் நினைத்தேன். அக்கா ஒரு செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு கேட் பக்கத்துல நின்னா, அவ யாரைத் தேடி நிக்கிறாள்னு எனக்குத் தெரியும் என்றான். உன் செருப்பு வார் அறுந்தது அப்பாவை வண்டியில் ஏற்றுவதற்குச் சற்று முன்னால். அதைப் பார்த்தது நானும் உன் அத்தையும். நான் யாரிடமும் சொன்னதில்லை, அத்தை அவனோடு பேசுவதே இல்லை, நீயோ அவன் எனக்குத் தம்பியே இல்லைம்மா என்று சொல்லிவிட்டு அன்று மாலையே விமானம் ஏறிவிட்டாய். நான் எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். கண்ணால் பார்த்தால்தான் அது தெரியும்.

இதனால் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, எனக்கு அதெல்லாம் வராது. நடந்ததைச் சொல்லுகிறேன், அவ்வளவுதான். ஆராய்ச்சியில் என்ன முடிவு வரும் என்று அவர்களுக்கே தெரியாது, இவன் மறுபடி குடிக்க மாட்டான் என்று நான் கையடித்துச் சொல்லவும் மாட்டேன். தையல்காரியும் தன் புருஷன் ஏதோ தேவலாம் என்கிறாள், இருக்கட்டும், நல்லதுதான். போன வியாழன் என் முட்டி மடங்காததால் எனக்காக லிஃப்ட்டில் ஏறினான், கண்ணை மூடிக்கொண்டு என் முந்தானையைப் பிடித்தபடி நின்றான். இந்த வாரம் நான் பார்த்தது அது, அதைத்தான் உள்ளே போய்ச் சொன்னேன்.

வீட்டு ஆள் இன்னொருவரும் பேசினால் நல்லது என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு நீயும் நானும்தான். வருகிற வியாழன் காலை பத்து மணிக்கு அங்கிருந்து வீடியோவில் கூப்பிடுவார்கள், உனக்கு அப்போது என்ன நேரமோ பார்த்துக்கொள். எடு. நீ இந்த வாரம் அவனைப் பார்க்கவில்லை, அதனால் சட்டப்படி உனக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது, அவன் சொல்லுவதைக் கேட்டால் போதும். என் வாய்தான் உனக்கும் வந்திருக்கிறது, ஆகையால் பக்கத்தில் ஒரு பெப்பர்மின்ட் வைத்துக்கொள். பழையது ஒன்றும் தொலைந்துபோகாது, எல்லாம் என்னிடம் தேதியோடு இருக்கிறது, நீயும் சேர்ந்து சுமக்க வேண்டியதில்லை.

பேரப்பிள்ளைகளைக் காலாகாலத்தில் தூங்க வை, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் எல்லாரும் கைகால் சுகத்தோடு மனசு நிறைந்து இருக்க வேண்டும். வியாழன், பத்து மணி. சிக்னல் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு
உன் அம்மா