அவர் கையில் என் பெயர்

9 ஜூன் 2025, திங்கள்

வாட்ச் கிடைத்துவிட்டது. ஆட்டின் கழுத்தில்.

பெங்களூரிலிருந்து மகன் தர்ஷன் காலையிலேயே போன் செய்தான். "அம்மா, அப்பா சோளக்காட்டுக்குள்ள சுத்திச் சுத்தி வாராரு. போன்ல காட்டுது. ஓடிப் பாருங்க." பதறி ஓடினேன். என் வீட்டுக்காரர் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நிம்மதியாகப் பல் விளக்கிக்கொண்டிருக்கிறார். காட்டுக்குள் சுற்றியது வெள்ளாடு. கட்டியிருப்பவர் எங்கே இருக்கிறார் என்று காட்டுவதற்காக மகன் ஆசையாக வாங்கி அனுப்பிய வாட்ச். காட்டத்தான் செய்தது, ஆட்டை.

சிரித்தேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டியவர். அறுபதுகூட ஆகவில்லை. போன மாதம் நம் தோட்டத்துக்குத் திரும்பும் வழியை விட்டுவிட்டு, யாருடைய கோழிப்பண்ணை வாசலிலோ உட்கார்ந்திருந்தார். மறதி நோய், இனிக் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் முன்பின் தெரியாத ஊரில் போய் நின்றுவிட்டால்? வேறு எதற்கும் எனக்குப் பயமில்லை.

12 ஜூன், வியாழன்

தர்ஷன் மாட்டிவிட்டுப் போன வாசல் கேமராவைத் துண்டு போட்டு மூடிவிட்டார். "எவனோ பாத்துக்கிட்டே இருக்கறான் புள்ள." உங்கள் மகன்தான் என்றால் நம்பவில்லை.

18 ஜூன், புதன்

மருமகள் கிருத்திகா ஒரு வீடியோ அனுப்பினாள். வெளிநாட்டில் சிலர் அரிசி அளவு சிப்பைக் கைத்தோலுக்கடியில் வைத்துக்கொள்கிறார்கள். கழற்ற முடியாது, ஆட்டுக்குக் கட்டிவிட முடியாது! எனக்கு அது போதும். நாமக்கல்லில் நாய்களுக்குச் சிப் போடும் மாட்டு டாக்டர் தனப்பிரியாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

"அக்கா, நாய்க்குப் போடறத மனுசருக்குப் போடக்கூடாதுங்க. போட்டாலும் அவரு எங்க இருக்காருன்னு அது சொல்லாதுங்க. உள்ள வெறும் நம்பருதான். யாராவது அவர நிறுத்தி, மெஷினக் கிட்ட வெச்சாத்தான் தெரியும்."

"அப்ப நிறுத்தறதுக்கு ஒரு ஆளு வேணுமாக்கும்?"

"ஆமாங்க்கா. மொதல்ல ஆளு வேணும்."

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அந்த ஆளிடம் மெஷின் எங்கே இருக்கப்போகிறது? கண் இருக்கும். நாலு எழுத்துப் படிக்கத் தெரிந்திருக்கும்.

19 ஜூன், வியாழன்

இவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

22 ஜூன், ஞாயிறு

இன்று தெளிவாக இருந்தார். பழைய வண்டிக் கதையெல்லாம் பேசினார். கேட்டுவிட்டேன்: கையில் என் போன் நம்பரைப் பச்சை குத்திக்கொள்ளலாமா என்று.

முன்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஆட்டுக்குக் காதுல நம்பரு வில்ல அடிக்கற மாதிரியா?"

இல்லைங்கன்னு எந்த வாயால சொல்றது? ஏன் கேட்டேன், கேக்காமயே இருந்திருக்கலாம் —

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவராகவே வந்தார். "நம்பரு மட்டும் வேண்டாம். மேல உன்ற பேரையும் போடச் சொல்லு. பொண்டாட்டி மேல இவனுக்கு இத்தன ஆசையான்னு பாக்கறவன் நெனச்சுக்கட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. இந்த வயதில் எனக்கு வெட்கம் வேறு வந்து தொலைத்தது.

26 ஜூன், வியாழன்

குத்தியாயிற்று. பக்கத்தில் ஒரு பூ போடட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன் நான். போடு என்றார் இவர்.

19 ஜூலை, சனி

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். காடு, பண்ணை, பஸ் நிறுத்தம் எல்லாம் தேடினேன். தர்ஷன் அங்கிருந்தே தெரிந்தவர்களையெல்லாம் போனில் பிடித்தான். ஒன்றும் தெரியவில்லை.

அப்போது தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன்.

"சௌந்திரம்ங்கறது நீங்கதானுங்களா? சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில பஞ்சர் கடை வெச்சிருக்கேன், பேரு ஆண்டி. இங்க ஒரு அண்ணன் உக்காந்து டயரப் பாத்துக்கிட்டிருக்காரு. எந்த ஊருன்னா சொல்லத் தெரியல. கையில உங்க பேரு இருக்குது."

"சாமி, அவர விட்றாதீங்க, நான் இப்பவே வாரேன்."

"நீங்க எதுக்குங்க்கா அலையணும்? ஊரச் சொல்லுங்க, நானே கூட்டிட்டு வரேன்."

கடையை அடைத்துவிட்டு, முன்பின் அறியாத மனிதர் அத்தனை தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறார். பொழுது சாயும் நேரம். இவர் முன்னால் விறுவிறுவென்று வருகிறார், ஆண்டி பின்னால்.

"சௌந்திரம், தண்ணி கொண்டா. பாவம், இவருக்கு வழி தெரியலையாமா. நாந்தான் பஸ்ஸேத்திக் கூட்டியாந்தேன்."

நான் ஆண்டியைப் பார்த்தேன். அவர் முகம் துளிகூட மாறவில்லை.

"ஆமாங்க்கா. அண்ணன் இல்லைன்னா நான் எங்க போய் நின்னிருப்பேனோ."

அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிட்டால் இவருக்குத் தெரிந்துவிடும். உள்ளே போய் இரண்டு பேருக்கும் இலை போட்டேன்.