என்னை எந்திரம் என்றார்கள்

மார்ச் 4

பாப்பாவுக்கு ஐம்பத்திரண்டு நாள். ஒரு கையில் அவள், மறுகையில் போன். புதுத் தாய்மார் குழுவில் யார் அழுதாலும் ஒரே வரியைத்தான் ஒட்டுகிறேன்: "பயப்படாதீங்க, நானும் முழிச்சிருக்கேன்." கட்டைவிரல் ஒன்றுதானே காலி! இன்று பதினெட்டுப் பேருக்கு. குறைமாதக் குழந்தையை ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பவளுக்கு மட்டும் ஆறு முறை. "நீங்க இருக்கீங்கன்னுதான் கண்ணையே மூடுறேன் அக்கா" என்றாள்.

மார்ச் 6

குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மனிதரைப்போல நடிக்கும் மென்பொருள் கணக்காம் நான்! எந்நேரமும் பதில், எழுத்து மாறாத பதில், முகப்படமும் இல்லை. போன வாரம் அப்படியொரு கணக்கு அம்மா வேஷம் போட்டுப் பால்பவுடர் விற்றிருக்கிறது.

வீட்டுக்காரர் சிரிக்கிறார். "மெஷினா நீ? அப்ப சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கும்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கும் சொல்லியிருப்பார்களே — இத்தனை நாள் ஆறுதல் சொன்னது ஆளே இல்லை என்று. பாவி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

மார்ச் 7

பால் கொடு, ஏப்பம் விடவை, துணி மாற்று. மறுபடி பால் கொடு. ஒருவேளை அவர்கள் சொன்னது சரிதானோ?

மார்ச் 8

குழுத் தலைவி ஆதாரம் கேட்டார். பாப்பா முகத்தைப் போட மனமில்லை; குரலில் அனுப்புகிறேன் என்றேன். "வணக்கம், நான் கணிதப் பட்டதாரி..." என்று கௌரவமாக ஆரம்பித்ததும் பாப்பா தோளெல்லாம் கக்கிவிட்டாள். "அடி கழுதை, இப்பத்தானடி குளிச்சேன்! என்னங்க, துண்டு, துண்டு!" — அதுவும் சேர்ந்தே போய்விட்டது.

"போதும் தாயே," என்றார் தலைவி. "எந்த மெஷின் மேலயும் குழந்தை கக்காது."

சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பெண் குழுவைவிட்டே போய்விட்டாளாம். என் எண்ணை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

மார்ச் 11

அழைப்பில்லை.

மார்ச் 13

அழைத்தாள். "நெஜமாவே ஆளுதானா?"

"பயப்படாதீங்க..." என்று வாய் தானாகவே ஆரம்பித்தது.

"ஏதாவது பேசுங்கக்கா. அந்த வரி மட்டும் வேணாம்."

"பொண்ணா, பையனா?" என்றேன். இத்தனை நாளில் அதைக்கூடக் கேட்டதில்லை நான்.

"பையன்க்கா." குரல் உடைந்தது. "எடை ஒண்ணு அறுநூறு கிலோ இருக்கான்."

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். பாதி நேரம் அழுகைதான்.

மார்ச் 22

ஒன்று எண்ணூற்று ஐம்பது! நாளை பெட்டியை விட்டு வெளியே எடுக்கிறார்களாம். இரண்டு பஸ் மாறினால் ஆஸ்பத்திரி. பாப்பாவுக்குச் சிறிதாகிப்போன சட்டைகளைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். மஞ்சள் சட்டையின் கை மட்டும் இன்னும் ஈரம்.