கீழே இறங்கிய கோடு

டாக்குரியா,
கல்கத்தா,
9 ஜனவரி 2025

அன்புள்ள சௌந்தரம்,

முழங்காலைத் தவிர்த்தால் நான் நலம். காதைத் தவிர்த்தால் நீயும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் நான் ஒன்று சொல்ல, நீ "என்ன, என்ன" என்று கேட்க, கடைசியில் "சரி, வைக்கட்டுமா" என்பதில்தான் முடிகிறது. ஆகவே இதை எழுதியே சொல்கிறேன்.

ஒரு காரியத்தில் மாட்டிக்கொண்டேன். நீ பாடம் எடுத்த பழைய பள்ளிக்கூடத்து சுமித்ரா தி, இப்போது அவர்தானே ஹெட்மிஸ்ட்ரஸ், போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒன்பதாம் வகுப்புக்கு பிசிக்ஸ் எடுக்கும் பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாளாம். "சௌந்தரம் தி எப்போது வருவார்?" என்று கேட்டார். நீ இன்னும் அவருக்கு அக்கா, நான் அண்ணன். பேத்தி பிறந்தபோது பெங்களூருக்குப் போனவள், நாலு வருஷமாகிறது, எனக்கே தெரியாது என்று சொல்லவில்லை. "இப்போதைக்கு இல்லை" என்றேன். "அப்படியானால் தாதா, நீங்களே வாருங்கள். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ், அதற்குமேல் ரயில்வேக்காரர். இயக்கம் பாடத்துக்கு உங்களைவிட யார்?" என்றார். நான் கார்டன் ரீச் ஆபீசில் டைம்டேபிள் போட்டுக்கொண்டிருந்தவன், எந்த வண்டியையும் ஓட்டியவன் அல்ல என்று சொல்ல வாயெடுப்பதற்குள் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். மறுப்பதற்கு எனக்கு எப்போதும் அரை நிமிஷம் தாமதமாகும். உனக்குத் தெரியாததா.

நேற்று முதல் வகுப்பு. பவானிபூர் போய்ச் சேர்வதற்குள் பாடத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். ஓய்வு என்றால் என்ன, இயக்கம் என்றால் என்ன என்று வரையறைகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இந்த அறையில் இப்போது எது அசைகிறது?" என்று கேட்டேன். ஃபேன் என்பார்கள், அங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்பது திட்டம். ஜனவரியில் ஃபேனை யார் போடுவார்கள் என்பது தோன்றவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து இஸ்மாயில் என்று ஒரு பையன், "ஸ்யார், உங்கள் கை" என்றான். சாக்பீஸ் பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

அதே பையன் பிறகு கேட்டான்: ஓடும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்குகிறவர் நகர்கிறாரா இல்லையா? எதைப் பொறுத்து என்று கேட்டுக்கொண்டால் விடை வந்துவிடும். பஸ்ஸைப் பொறுத்து இல்லை, சாலையைப் பொறுத்து ஆமாம். இவ்வளவுதான். இதைச் சொல்ல வங்காளியில் ஆரம்பித்து, இங்கிலீஷுக்குத் தாவி, நடுவில் தமிழில் "அதாவது" என்றும் சொல்லிவிட்டேன். மணி அடித்துக் காப்பாற்றியது.

நீ முதல் வகுப்பை எப்படி ஆரம்பிப்பாய்? ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் கேட்டதில்லை என்பது நேற்று ஆட்டோவில் திரும்பும்போதுதான் உறைத்தது.

அன்புடன்,
வெங்கடநாராயணன்

*

பெங்களூர்,
18 ஜனவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். உங்கள் கவரை மதுதான் பிரித்தாள். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இதுல தாத்தா எப்ப பேசுவார்?" என்கிறாள்.

வரையறையில் ஆரம்பித்தீர்கள், அதுதான் வினை. முதல் வாரம் அந்தப் பக்கமே போகக்கூடாது. ஒரு குழந்தையை எழுப்பிக் கதவிலிருந்து ஜன்னல் வரை நடக்கச் சொல்லுங்கள். மறுபடி கதவுக்கே வரச் சொல்லுங்கள். எவ்வளவு நடந்தாய் என்று ஒரு கேள்வி. கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறாய் என்று இன்னொரு கேள்வி. சண்டை வரும். வரட்டும், தடுக்காதீர்கள். நன்றாகச் சண்டை போட்ட பிறகு முதலாவதற்குத் தூரம், இரண்டாவதற்கு இடப்பெயர்ச்சி என்று பேர் வையுங்கள். அப்புறம் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

சாக்பீஸைப் பாதியாக உடைத்துப் பிடியுங்கள். நீளமாக இருந்தால்தான் நடுக்கம் தெரியும். எனக்கும் முதல் வருஷம் கை நடுங்கியது. உங்களிடம் சொன்னதில்லை. அப்போது உங்களுக்குப் புது டைம்டேபிள் வேலை, சாப்பிடும்போதுகூட வண்டி நம்பர்தான் முணுமுணுப்பீர்கள்.

பொங்கலுக்கு என்ன செய்தீர்கள்? லேக் மார்க்கெட் மெஸ்ஸில் சாப்பிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இங்கே நம் மருமகள் அனன்யா குக்கரில் வைத்தாள். விசில் வந்ததும் மது "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இப்படிக்கு,
சௌந்தரம்

*

டாக்குரியா,
4 பிப்ரவரி 2025

அன்புள்ள சௌந்தரம்,

மெஸ்ஸில்தான் சாப்பிட்டேன். பொய் எழுத வரவில்லை. ஆனால் நேற்றுப் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூஜை. கிச்சுரியும் பேகுனியும் வயிறாரக் கிடைத்தது. நம் பொங்கலும் கத்தரிக்காய் பஜ்ஜியும் என்று வைத்துக்கொள். மஞ்சள் புடவையில் வந்த பெண் குழந்தைகளில் என் மாணவிகள் யார் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

நீ சொன்னபடியே செய்தேன். சௌமிலி என்ற பெண் ஜன்னல் வரை போய் வந்தாள். இடப்பெயர்ச்சி பூஜ்யம் என்றதும் இஸ்மாயில் எழுந்துவிட்டான். "இவ்வளவு நடந்தும் பூஜ்யமா? ஸ்யார், இது அநியாயம். அவள் போகவே இல்லையா?" சௌமிலிக்கு ரோஷம். "போனேன், ஜன்னல் வழியாக ஃபுச்கா விற்கிறவர் வண்டியைக்கூடப் பார்த்தேன்" என்கிறாள். உன் சண்டை வந்தது. பாதிச் சாக்பீஸும் உதவியது. அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

அந்தத் தைரியத்தில்தான் மறுவாரம் பெரிய தப்பு செய்தேன். நேரத்துக்கும் தூரத்துக்கும் வரைபடம் போட வேண்டிய பாடம். இது என் தொழில் அல்லவா என்ற நினைப்பு. எங்கள் ஆபீசில் சுவர் நீளத்துக்கு இருக்கும் சார்ட்டில் ஹவுரா உச்சியில், அதற்குக் கீழே கரக்பூர், பாலேஸ்வர் என்று ஸ்டேஷன்கள் இறங்கும். மணி இடமிருந்து வலமாகப் போகும். ஹவுராவை விட்டுப் புறப்படும் வண்டி சாய்ந்து கீழே இறங்கும் கோடு. முப்பத்தைந்து வருஷம் அப்படித்தான் போட்டேன். பலகையிலும் கை தானாக அப்படியே போட்டுவிட்டது. ஸ்டேஷன் பெயர்களை எழுதவும் மறந்துவிட்டேன்.

சௌமிலி எழுந்து, "ஸ்யார், ட்ரேன் தோ ஃபிரே ஆஷ்சே!" என்றாள். வண்டி திரும்பி வருகிறதே என்று. அவள் சொன்னது சரி. பாடப் புத்தகத்தில் பூஜ்யம் கீழே இருக்கிறது. கோடு கீழே இறங்கினால் கிளம்பிய இடத்தை நெருங்குகிறது என்று அர்த்தம். "இல்லை, போகிறது" என்று சொல்லத் திரும்பினேன். எனக்கே என் சார்ட் புரியவில்லை. நான் உதாரணத்துக்குப் போட்டது பெங்களூர் வண்டி, சௌந்தரம். நீ போன வண்டி. அது வருகிறது என்று முப்பத்தெட்டுக் குழந்தைகளும் சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் நானும் நம்பினேன். அழிக்கத் தோன்றவில்லை.

எனக்கு இந்த வேலை சரிப்படுமா என்று தெரியவில்லை. சுமித்ரா தியிடம் சொல்லிவிடலாமா?

அன்புடன்,
வெங்கடநாராயணன்

*

பெங்களூர்,
12 பிப்ரவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். சுமித்ராவிடம் எதையும் சொல்ல வேண்டாம். உங்கள் கோடும் சரி, அந்தப் பெண் சொன்னதும் சரி. எங்கிருந்து அளக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் போய், "நான் பூஜ்யத்தை மேலே வைத்தேன், சொல்ல மறந்தேன்" என்று சொல்லி, அதே வண்டியைப் புத்தகத்தில் உள்ளபடியும் போட்டுக் காட்டுங்கள். வாத்தியார் தப்பை ஒத்துக்கொண்டால் அந்த வகுப்பு அடங்கி உட்காரும். இது என் அனுபவம்.

இனி என் விஷயம். ஹரீஷை டொரண்டோவுக்கு மாற்றிவிட்டார்கள். மார்ச் 30 கிளம்புகிறார்கள். அனன்யாவுக்கு ஜூனில் பிரசவம், அதற்குக் கூட வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதில் பேச்சில்லை. அதற்குப் பிறகு என்ன என்பதுதான். "அம்மா, நீ எங்ககூடவே இருந்துடேன். விசா அஞ்சு வருஷம்வரை தங்கக் கிடைக்கும். அப்பாவையும் கேட்டேன், ப்ளேன்ல ஏற மாட்டேங்கறார். கல்கத்தாவுல போய் நீ என்ன பண்ணப் போறே?" என்கிறான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

என்ன சொல்லட்டும்?

சௌந்தரம்

*

டாக்குரியா,
19 பிப்ரவரி 2025

அன்புள்ள சௌந்தரம்,

நீ சொன்னபடி தப்பை ஒத்துக்கொண்டேன். கை தட்டினார்கள். இஸ்மாயில் மட்டும் "அப்போ நாங்களும் பரீட்சையில் பூஜ்யத்தை இடம் மாற்றிக்கொள்ளலாமா?" என்றான்.

கனடா விஷயம் மூன்று நாளாக யோசித்தேன். குளிர் உன் மூட்டுக்கு ஆகாது. ஆனால் வீட்டுக்குள் வெதுவெதுப்பாக இருக்குமாம். காதுக்கு அங்கே நல்ல வைத்தியம் கிடைக்கலாம். மது உன்னிடம் ஒட்டிக்கொண்டவள், ஏங்கிப்போவாள். இங்கே என்றால் மூன்று மாடி ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. என்னால் உனக்குப் பெரிய உதவி ஒன்றும் இராது. என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எனக்குப் பழகிவிட்டது. எல்லாவற்றையும் யோசித்து உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய். உன் விருப்பம் எதுவோ அதுவே எனக்குச் சம்மதம்.

இந்த வாரம் வேகமும் திசைவேகமும். ஒரே வேகத்தில் போனாலும் திசை மாறினால் திசைவேகம் மாறிவிடும் என்பதை எப்படிச் சொல்வது? ஒரு வழி எழுது.

அன்புடன்,
வெங்கடநாராயணன்

*

பெங்களூர்,
25 பிப்ரவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீங்கள் எனக்கு டைம்டேபிள் அனுப்பியிருக்கிறீர்கள். எல்லா வண்டியின் நேரமும் இருக்கிறது, எதில் ஏறுவது என்று மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹரீஷுக்குப் பதில் சொல்ல வேண்டும். இருந்துவிடுகிறேன் என்றே சொல்லிவிடப் போகிறேன்.

திசைவேகத்துக்கு, மைதானத்தைச் சுற்றி ஓடவிடுங்கள்.

சௌந்தரம்

*

டாக்குரியா,
1 மார்ச் 2025

சௌந்தரம்,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. நான் எழுதினால் அது ஞாயிற்றுக்கிழமைக்குள் சேராது. அதனால் ஹரீஷுக்குப் போன் செய்தேன். "அம்மா நாளன்னிக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவளுக்கு ஒரு கடுதாசி வரும். அதைப் படிச்சுட்டுச் சொல்லட்டும்" என்றேன்.

"என்னப்பா இது, இந்தக் காலத்துல கடுதாசியா? போட்டோ எடுத்து எனக்கு அனுப்பேன், நான் காட்டறேன்."

"முடியாது. அது அவளுக்கு."

"சரிப்பா" என்றான். நான் அவனிடம் அப்படிப் பேசியதில்லை.

நேற்றுக் கடைசி வகுப்பு. திங்கட்கிழமை வேறு ஆசிரியர் வருகிறார். குழந்தைகள் ஒரு டப்பா சந்தேஷ் வாங்கி வைத்திருந்தார்கள். எனக்கு நீதான் பாடம் எழுதி அனுப்புகிறாய் என்று சுமித்ரா தி எப்போதோ போட்டுக்கொடுத்திருக்கிறார். "மேடம் எப்போது வருவார்?" என்று சௌமிலி கேட்டாள். வரமாட்டார் போலிருக்கிறது என்றேன். "ஆப்னி டாக்கேன்னி?" என்றாள். நீங்கள் கூப்பிடவில்லையா என்று. அதற்கு இஸ்மாயில், "எங்களை மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது கேள்வி கேட்பார்" என்றான். பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நான் சந்தேஷை வாயில் போட்டுக்கொண்டேன்.

கூப்பிடவில்லை. மது பிறந்தபோது ஆறு மாசம் என்று போனாய். ஆறு மாசம் முடிந்தபோது கேட்கலாம் என்று இருந்தேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றாய். பிறகு கேட்டால் சுயநலமாகத் தெரியுமோ என்று பயம். அப்புறம், கேட்டு நீ மாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். கேட்காதவரை நீ வரமாட்டேன் என்று சொல்லவில்லை அல்லவா. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டினேன். உன் சௌகரியம் என்று எழுதியதெல்லாம் பெருந்தன்மை இல்லை.

இந்த இடத்தில் காரணங்களாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

பிரசவம் முடிந்ததும் வந்துவிடு. அங்கே தங்காதே. எனக்குப் பழகவில்லை. காலையில் இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். எனக்கு நீ இங்கே வேண்டும்.

வெங்கடநாராயணன்

*

பெங்களூர்,
8 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். சமையலறையில் நின்றபடியே படித்தேன். பால் பொங்கி வழிந்தது. அனன்யா ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "என்னம்மா, அப்பாவுக்கு ஏதாவது உடம்பா?" என்றாள். "இல்லை, இப்பதான் குணமாயிருக்கார்" என்றேன்.

நீங்கள் கேட்டு நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தீர்கள். நீங்கள் கேட்கவே இல்லையே என்று நான் இங்கே இருந்தேன். வேண்டாதவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போவது போல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொந்த வீடுதான், ஆனாலும்.

ஹரீஷிடம் சொல்லிவிட்டேன். குழந்தை பிறந்து மூன்று மாசம் இருப்பேன். மஹாளயத்துக்கு முன்னால் வந்துவிடுவேன், டாக்குரியாவுக்கு. நீங்கள் கேட்டதற்காக மட்டும் வரவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் வந்திருக்கவும் மாட்டேன். சுமித்ராவிடம் இப்போதே சொல்லி வைக்காதீர்கள், அவள் ஏர்போர்ட்டிலேயே என்னை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

இன்னும் நாள் இருக்கிறது, உங்களுக்கும் இப்போது வகுப்பு இல்லை. இங்கே வாருங்கள். இந்த நாலு வருஷத்தில் நீங்கள் வந்தபோதெல்லாம் சட்டைப் பையில் திரும்பும் டிக்கெட்டோடுதான் வந்தீர்கள். செருப்பைக் கழற்றும் முன்பே வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுவீர்கள். அன்றிலிருந்தே எனக்கு நீங்கள் போவது தெரிய ஆரம்பித்துவிடும்.

இந்தத் தடவை திரும்பும் டிக்கெட்டை எடுக்காமல் வாருங்கள். என்னை விமானம் ஏற்றிவிட்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

சௌந்தரம்