வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்லுமுன்

அனுப்புநர்:
கே. அம்புஜவல்லி,
கணித உபாத்தியாயினி, பெண்கள் நடுநிலைப் பள்ளி,
(கேசவமூர்த்தியின் மனைவி)
அக்ரஹாரம், மைசூர்.

பெறுநர்:
உயர் அதிகாரி அவர்கள்,
சுகாதார இலாகா, மைசூர்.

பொருள்: எங்கள் வட்டார வைத்தியசாலை டாக்டர் நீக்கப்பட்டது – அவருக்குப் புதிய சிகிச்சைகளைக் கற்பித்துத் திரும்ப அனுப்பக் கோருதல்.

பார்வை: என் கணவரின் ஜனவரி மாத மனுவுக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு நமஸ்காரம்.

தாங்கள் தமிழ் நன்றாக வாசிப்பீர்கள் என்று அறிந்து இதை எழுதுகிறேன். அலுவலக உபயோகத்துக்குக் கன்னட நகலும் இணைத்திருக்கிறேன். அதையும் நான்தான் எழுதினேன். ஆனால் வீட்டில் அழுத பாஷையில் எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வருகிறது.

1. எங்கள் ஒரே மகள் வத்ஸலா, வயது பதினொன்று, சென்ற கார்த்திகையில் இறந்துபோனாள். தசராவுக்குப் பிறகு விடாத ஜுரம், தலைவலி, வாந்தி. பிறகு கழுத்தைக் குனிய முடியவில்லை. வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். எங்கள் வட்டார வைத்தியசாலை டாக்டர் நஞ்சுண்டசாமி அவர்கள் வீட்டுக்கே வந்து பார்த்தார். காச நோய் தலைக்கு ஏறிவிட்டது என்று சரியாகவே கண்டுபிடித்தார். அதற்கான ஊசி, நோய் நெஞ்சில் இருக்கும்வரைதான் கேட்கும், தலைக்கு ஏறியபின் பயன் இல்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்து முதுகில் குத்திக் குழந்தையை வதைக்க வேண்டாம், வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கேளிதெல்லா கொடி, தாயி" என்றார். அவள் கேட்பதையெல்லாம் கொடுங்கள் என்று அர்த்தம்.

2. கொடுத்தோம் ஐயா. நாங்கள் படித்தவர்கள்; டாக்டர் சொன்னால் கேட்கிறவர்கள். அவள் அப்பா மேலுகோட்டைக்குப் போய்க் கோயில் புளியோதரை வாங்கி வந்தார். தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த பட்டுப் பாவாடையை நான் முன்கூட்டியே உடுத்திவிட்டேன். இருமல் வரும் என்று எப்போதும் மறுத்த ஐஸ் கட்டியைக்கூட வாங்கித் தந்தோம். சுயநினைவு இருந்த ஒரு மத்தியானம் அவள் என்னைப் பார்த்து, "இன்னிக்கு என்னம்மா பண்டிகை?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, சும்மாத்தான் என்றேன். பிறகு கேட்கவும் அவளுக்கு நினைவு இல்லை. சுவாமி அலமாரியில் இருந்த கங்கைச் செம்பின் ஈய மூடியை, அவள் வாயில் இரண்டு சொட்டு விட, என் கணவர் உடைத்தார். சாகப்போகிற குழந்தைக்குச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒரு குறையும் இல்லாமல் செய்தோம்.

3. தை மாதம் என் வகுப்புக்கு சென்னம்மா என்ற பெண் வந்து சேர்ந்தாள். நூல் ஆலையில் வேலை செய்யும் லிங்கப்பனின் மகள். இத்தனை நாள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று நான் வழக்கம்போல் அதட்டலாகத்தான் கேட்டேன். அவளைக் கூட்டி வந்திருந்த லிங்கப்பன் சொன்னார். அதே ஜுரம், அதே வாந்தி, அதே கழுத்து. பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் ஊசியும் புதிதாக வந்த மாத்திரையும் கொடுத்தார்களாம். இப்போது தலைக்கு ஏறியதற்கும் வைத்தியம் உண்டாம். எங்கள் மகள் படுத்திருந்தபோதே அந்தப் பெண் அங்கே எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரி எங்கள் தெருவிலிருந்து வெகுதூரம் இல்லை. ஜட்காவில் ஏறினால் குதிரைக்கு வியர்க்குமுன் போய்விடலாம். நாங்கள் மேலுகோட்டைக்குப் போனோம்.

வத்ஸலா நிச்சயம் பிழைத்திருப்பாள் என்று நான் வாதாட வரவில்லை. எல்லாரும் பிழைப்பதில்லை என்று லிங்கப்பனே சொன்னார். பிழைக்கலாம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்பதே என் முறையீடு.

4. இதை விளக்கி என் கணவர் மனு அனுப்பினார். தங்கள் பதில் விரைவாகவே வந்தது. மேற்படி டாக்டர் பழைய லைசென்ஷியேட் படிப்பு மட்டுமே உள்ளவர், பட்டம் இல்லாதவர், ஆகவே பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார், புகார் முடிக்கப்பட்டது என்று இருந்தது. எங்கள் துக்கம் எப்படி முடிந்தது என்று எங்களுக்கே தெரியாதிருக்க, இலாகாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்று முதல் வைத்தியசாலைக் கதவில் பூட்டு தொங்குகிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல ஆயிற்று. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

5. அதன்பின் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். பாஸ் செய்து வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தன்னை யாரும் எந்த வகுப்புக்கும் கூப்பிடவில்லை, தான் படித்த காலத்தில் இந்த நோயில் ஒருவரும் பிழைத்ததில்லை என்றார். அவரை மன்னித்துவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். அவர் ஒரு வார்த்தை பெரிய ஆஸ்பத்திரியில் விசாரித்திருக்கலாம். அன்று நான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் அவர் பொய் சொல்கிறவர் அல்ல.

6. ஐயா, சென்ற வருஷம் நயா பைசா வந்தபோது எங்கள் இலாகா கணக்கு உபாத்தியாயர்களை எல்லாம் கோடை விடுமுறையில் கூட்டி உட்கார வைத்தது. ஓரணாவுக்கு ஆறு, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று, தலை நரைத்த நாங்கள் குழந்தைகளைப் போல ஒப்பித்தோம். எனக்கு அது தெரியாமல் போயிருந்தால் ஒரு குழந்தைக்கு ஒரு மார்க் குறைந்திருக்கும். அவ்வளவுதான். அதற்கே வகுப்பு வைத்தார்கள்.

பட்டம் பெற்ற புதிய டாக்டரை அனுப்பினால் போதும் என்று தாங்கள் கருதலாம். இன்று புதிதாகப் படித்தவரும் ஒருநாள் பழையவர்தான். அவரையும் யாராவது கூப்பிட வேண்டுமே.

7. ஆகவே நான் வேண்டுவது:

டாக்டர் நஞ்சுண்டசாமி அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் சில காலம் வைத்து, இப்போதைய சிகிச்சைகளைக் கற்பித்து, எங்கள் வைத்தியசாலைக்கே திரும்ப அனுப்ப வேண்டும். இனி ஒரு குழந்தையை அவர் விசாரிக்காமல் விடமாட்டார். அந்தப் பாடத்துக்கு என் வீட்டில் கொடுத்த விலை வீணாகக் கூடாது.

வருஷம் ஒரு முறையாவது எல்லா டாக்டர்களையும், பட்டம் உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், அழைத்து எது மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று எந்த டாக்டரும் சொல்லுமுன், பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு முறை கேட்டாக வேண்டும் என்று உத்தரவு போட வேண்டும். மற்ற இரண்டும் தாமதமானாலும் இதைத் தாமதிக்க வேண்டாம்.

சென்னம்மாவுக்கு அந்த ஊசியினால் காது மந்தமாகிவிட்டது. முன் பெஞ்சில் உட்கார வைத்து, தினமும் அவளுக்காக உரக்கக் கத்திக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பக்கத்து வகுப்பு உபாத்தியாயினி முகம் சுளிக்கிறார். என் மகளும் அப்படி ஒரு காதோடு திரும்பி வந்திருந்தால், ஆயுசு முழுவதும் கத்தியிருப்பேன் ஐயா.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

மைசூர்,
24–3–1958.

இப்படிக்கு,
கே. அம்புஜவல்லி
(வத்ஸலாவின் தாய்)